கணக்குப்பிள்ளைதான் ஆரம்பித்து வைத்தார்

போன இதழில் வேறு எதற்கோ பதில் எழுதும்போது, போகிற போக்கில் 'நாகரிகத்தைத் தொடங்கி வைத்தது அரசனும் இல்லை, முனிவரும் இல்லை, ஒரு கணக்குப்பிள்ளை' என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி சந்தேகம், கால்வாசி திட்டு, மீதி இரண்டும் கலந்தது. ஆகவே இந்த முறை சினிமா, அரசியல் கேள்விகளுக்கு விடுமுறை. பழைய உலகத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் பதில்.

கேள்வி: எழுத்து என்பது கடவுளைப் பாடவும் கவிதை எழுதவும் பிறந்தது என்றுதான் முப்பது வருடம் பாடம் நடத்தினேன். கணக்குப்பிள்ளை எங்கிருந்து வந்தார்? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவாரூர்)

பதில்: களிமண்ணிலிருந்து வந்தார் அய்யா. இன்றைய இராக்கின் தெற்கில் ஊருக் என்று ஒரு பழைய நகரம். அங்கே கி.மு. 3300 வாக்கில் தொடங்கி எழுதப்பட்ட களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. உலகத்திலேயே மிகப் பழைய எழுத்துகளில் வைத்துப் பேசப்படுபவை அவை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆவலோடு போய்ப் பார்த்தால், இத்தனை ஆடு, இத்தனை மூட்டை வாற்கோதுமை, இன்னாருக்கு இவ்வளவு, இன்னும் பாக்கி இவ்வளவு. பத்தில் ஒன்பது பங்கு இப்படித்தான். மீதியுள்ள ஒரு பங்கும் கவிதை இல்லை, எழுத்துப் பழகுகிறவர்களுக்கான சொற்பட்டியல். கவிதை வருவதற்கு இன்னும் பல நூறு வருடங்கள் ஆயிற்று.

ஏறக்குறைய அதே காலத்துப் பலகை ஒன்றில், 37 மாதக் கணக்கில் 29,086 அளவை வாற்கோதுமை என்று குறித்துவிட்டு, கீழே 'குஷிம்' என்று போட்டிருக்கிறது. அது ஒரு ஆளின் பெயரா, இல்லை 'மணியக்காரர்' என்பதுபோல ஒரு பதவியின் பெயரா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆள் பெயர்தான் என்றால், மனித வரலாற்றில் முதன்முதலாக எழுத்தில் பதிவான பெயர்களில் ஒன்று பீர் காய்ச்சத் தானியம் வாங்கிக் கணக்கெழுதிய ஒருவருடையது. எனக்கு அவர் ஆள்தான் என்று நம்பப் பிடித்திருக்கிறது.

அதற்கு முன்னாலும் கணக்கு இருந்தது. கி.மு. 8000 வாக்கிலிருந்தே மேற்காசியா முழுக்கச் சின்னச் சின்னக் களிமண் உருண்டைகள், கூம்புகள், வட்டுகள் கிடைக்கின்றன. டெனிஸ் ஷ்மாண்ட் பெஸ்ஸரா என்ற அம்மையார் இவற்றைப் பல வருடம் அலசிவிட்டு, இவை எண்ணுவதற்கு வைத்துக்கொண்ட காய்கள் என்றார். இந்த உருவம் ஒரு ஆட்டுக்கு, அந்த உருவம் ஒரு அளவு தானியத்துக்கு என்று. பின்னாளில் இந்தக் காய்களை ஒரு களிமண் உருண்டைக்குள் போட்டு மூடி, மேலே முத்திரை குத்தினார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு தடவையும் உடைக்க முடியுமா? அதனால் உள்ளே போடும் காயை ஈரக் களிமண்ணின் மேலேயே ஒரு தடவை அழுத்தித் தடம் பதித்தார்கள். அப்புறம் யாருக்கோ உறைத்திருக்கிறது, தடமே இருக்கும்போது உள்ளே காய் எதற்கு என்று. உருண்டை தட்டையானது, பலகையானது, தடம் எழுத்தானது. எல்லோரும் இதை முழுசாக ஒத்துக்கொள்வதில்லை. எனக்கு இதில் நம்பிக்கை வந்ததற்குக் காரணம் என் தாத்தா. களத்துமேட்டில் நெல் அளக்கும்போது 'ஒன்று' என்று சொல்லமாட்டார், 'லாபம்' என்றுதான் ஆரம்பிப்பார், லாபம், ரெண்டு, மூணு என்று பன்னிரண்டு மரக்கால் அளந்து ஒரு கலம் ஆனதும், பக்கத்தில் ஒரு புளியங்கொட்டையை எடுத்து வைப்பார். கையெழுத்துப் போடத் தெரியாத மனிதர். கொட்டையில் கணக்கு பிசகியதில்லை.

கேள்வி: நாகரிகம் என்றால் என்ன? கிராமத்தில் இருந்தவர்களுக்கு நாகரிகம் இல்லையா? (ஒரு வாசகி, போடிநாயக்கனூர்)

பதில்: நியாயமான கோபம். பஸ்ஸில் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்காதவனை 'நாகரிகம் தெரியாதவன்' என்கிறோமே, அந்த நாகரிகம் வேறு. வரலாற்றுக்காரர்கள் இந்தச் சொல்லை ஒரு ஏற்பாட்டுக்கு வைத்த பெயராகத்தான் பயன்படுத்துகிறார்கள்: நகரம், விளைவிக்காமல் சாப்பிடுகிற ஒரு கூட்டம், அவர்களுக்குப் போய்ச் சேரும் உபரி, அதைக் கண்காணிக்க ஆட்கள். நல்லது கெட்டது என்ற மதிப்பெண் அதில் கிடையாது.

கேள்வி: மழையே இல்லாத அந்தப் பாலைவனத்தில் போய் ஏன் நகரம் கட்டினார்கள்? நான் விவசாயி, எனக்கு இது புரியவே இல்லை. (மன்னார்குடி)

பதில்: விவசாயி கேட்டதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தெற்கு இராக்கில் வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடக் கிடையாது, மானாவாரி என்ற பேச்சுக்கே இடமில்லை. கல் இல்லை, நல்ல மரம் இல்லை, உலோகம் எதுவும் இல்லை. இருந்தது மூன்று: வண்டல், நாணல், யூப்ரடீஸ் டைக்ரிஸ் என்ற இரண்டு ஆறுகள். அந்த ஆறுகளுக்கு ஒரு குணம் உண்டு. வருடா வருடம் வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி ஆற்றுப்படுகையே சுற்றியுள்ள நிலத்தைவிட மேடாகிவிடும். அதனால் கரையை லேசாக வெட்டினாலே போதும், தண்ணீர் தானாக வயலுக்கு இறங்கும், ஏற்றமோ இறைப்போ தேவையில்லை. அதே காரணத்தால் கரை உடைந்தால் ஊரே போச்சு.

இன்னொரு சிக்கலும் இருந்தது. எகிப்தின் நைல் நதியில் ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வெள்ளம், வடிந்ததும் ஈரம் காயாத வண்டலில் விதைக்கலாம். இதைவிட அனுசரணையான ஆறு கிடையாது. யூப்ரடீஸும் டைக்ரிஸும் அப்படியில்லை, வடக்கே துருக்கி மலைகளில் பனி உருகி வெள்ளம் வருவது ஏப்ரல், மே மாதங்களில், அதாவது வாற்கோதுமை முற்றி அறுவடைக்கு நிற்கும் நேரத்தில். கதிர் சாய்ந்து நிற்கும்போது வயலில் தண்ணீர் ஏறினால் என்ன ஆகும் என்று மன்னார்குடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வேண்டாத நேரத்தில் தடுக்க வேண்டும், வேண்டிய நேரத்தில் கொண்டுவர வேண்டும். கால்வாய் தூர்வார வேண்டும், கரை கட்ட வேண்டும், அதற்கு ஆள் திரட்ட வேண்டும், திரட்டிய ஆளுக்குச் சோறு போட வேண்டும். சோறு போட்டால் கணக்கு வேண்டும். திரும்பவும் நம்ம ஆள் வந்துவிட்டார் பாருங்கள்.

ஊருக் காலத்து ஊர்களைத் தோண்டினால் எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி, விளிம்பு சாய்வாக வெட்டிய, அழகே இல்லாத மட்டமான மண் கிண்ணங்கள், ஆயிரக்கணக்கில். குயவன் தன் வீட்டுக்குச் செய்துகொண்ட பாத்திரம் மாதிரி இல்லை, ஒப்பந்தத்துக்கு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். கூலித் தானியம் அளந்து கொடுத்த கிண்ணம் என்பது ஒரு கட்சி, ரொட்டி சுட்ட அச்சு என்பது இன்னொரு கட்சி. ஆனால் அவர்களுடைய ஆரம்ப எழுத்தில் உணவுக்கு உரிய குறி அந்தக் கிண்ணத்தின் வடிவம்தான். ஒரு தலைக்குப் பக்கத்தில் அந்தக் கிண்ணத்தை வரைந்தால் 'சாப்பிடு', 'படி அளப்பு' என்று பொருள். நான் கூலிக் கட்சி.

அப்புறம் உவர். தண்ணீர் பாய்ச்சுவதில் காட்டிய கெட்டிக்காரத்தனம் வடிப்பதில் இல்லை. நிலம் கிட்டத்தட்டத் தட்டை, வெயில் கடுமை, தண்ணீர் ஆவியாகி உப்பு மேலே தங்கிவிடும். 1958இல் ஜேக்கப்சன், ஆடம்ஸ் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள்: கி.மு. 3500 வாக்கில் கோதுமையும் வாற்கோதுமையும் ஏறக்குறையச் சரிபாதி, கி.மு. 2500 வாக்கில் கோதுமை ஆறில் ஒரு பங்கு, கி.மு. 1700 வாக்கில் கோதுமையே அங்கே இல்லை. வாற்கோதுமை உப்பைத் தாங்கும், கோதுமை தாங்காது. பிற்பாடு வந்தவர்கள் சிலர் இந்தக் கணக்கு கொஞ்சம் மிகை என்றார்கள், சரி. இருந்தாலும் வயல் வெள்ளை பூத்துவிட்டது என்று சுமேரியர்களே, அதாவது அன்று அந்தத் தெற்கு இராக்கில் வாழ்ந்தவர்களே, புலம்பி எழுதியிருக்கிறார்கள். களர் நிலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளை எப்படி இருக்கும் என்று தெரியும்.

கேள்வி: தண்ணீருக்காகச் சண்டை அப்போதும் உண்டா? ('காவிரிக் கரையான்', குளித்தலை)

பதில்: புனைபெயரைப் பார்த்தாலே கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. லகாஷ், உம்மா என்று சுமேரில் இரண்டு பக்கத்து ஊர்கள். நடுவில் கூஎதின்னா என்று நல்ல விளைநிலம். கிஷ் நகரத்து அரசன் மெசிலிம் மத்தியஸ்தம் செய்து எல்லைக்கல் நட்டான். உம்மா அந்தக் கல்லைப் பிடுங்கியது. குத்தகையாகத் தர வேண்டிய வாற்கோதுமையில் பாக்கி, பாக்கிக்கு வட்டி, கால்வாயில் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள் என்று புகார். கி.மு. 2450 வாக்கில் லகாஷின் எயன்னாதும் போரில் ஜெயித்து ஒரு நடுகல் வைத்தான், செத்தவர்களின் தலைகளைக் கழுகு கொத்திக்கொண்டு போவதுபோல அதில் செதுக்கியிருக்கிறது, அதன் துண்டுகளை இன்று பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. தலைமுறை தலைமுறையாக இழுத்து, கடைசியில் உம்மாவின் லுகல்சாகேசி லகாஷைக் கொளுத்தினான். கொஞ்ச நாளில் அக்காட் நாட்டுச் சார்கோன் வந்து, அந்த லுகல்சாகேசியின் கழுத்தில் கட்டை மாட்டி நிப்பூர் கோயில் வாசலுக்கு இழுத்துப்போய், இரண்டு ஊரையும் சேர்த்து விழுங்கினான். இதில் உங்களுக்கு வேறு ஏதாவது ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

கேள்வி: கீழடி சுமேரியாவைவிடப் பழையதுதானே? ஏன் மறைக்கிறீர்கள்? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: தம்பி, மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. கீழடியில் எடுத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என்று வந்தது. ஊருக் பலகைகள் அதற்கு 2,700 வருடம் முந்தியவை. அந்தக் கரி எரிந்துகொண்டிருந்த சமயத்தில் பாபிலோனில் நெபுகத்நேசர் ஆண்டுகொண்டிருந்தார், பழைய ஊருக்கிலும் ஆட்கள் குடியிருந்தார்கள். கீழடியின் பெருமை அது முதலாவது என்பதில் இல்லை, சாதாரண வீட்டுப் பானையில் சாதாரண ஆட்கள் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்களே, அதில் இருக்கிறது. சுமேரில் எழுதத் தெரிந்தவன் பெரும்பாலும் கோயில், அரண்மனை ஆள். எழுத்து தெருவுக்கு வருவது இன்னொரு கதை, அந்தக் கதையில் கீழடிக்கு நல்ல இடம் உண்டு. ஓட்டப் பந்தயம் மாதிரி இதைப் பார்த்தால் அது கண்ணில் படாது.

கேள்வி: உங்கள் கணக்கில் பெண்களைக் காணோமே? (அஞ்சல் துறையில் பணிபுரியும் வாசகி, நாகர்கோவில்)

பதில்: கணக்கில் இருக்கிறார்கள், அதுதான் கொடுமை. சுமேரில் 'ஊர்' என்ற பெயரிலேயே ஒரு நகரம் இருந்தது, ஊருக் வேறு, இது வேறு. கி.மு. 2100 முதல் 2000 வரை அந்த ஊர் நகரத்து அரசர்கள் ஆண்ட காலத்துப் பலகைகளில் படி அளந்த விவரம் துல்லியமாக இருக்கிறது. ஆண் கூலியாளுக்கு மாதம் 60 சிலா வாற்கோதுமை. ஒரு சிலா கிட்டத்தட்ட ஒரு லிட்டர். பெண்ணுக்கு 30. குழந்தைகளுக்கு வயதுக்குத் தக்கபடி அதற்கும் கீழே. நெசவுக் கொட்டகைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள், இடுப்பில் பிள்ளையோடு, கம்பளி நெய்தார்கள். சுமேர் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ததில் முக்கியமானது அந்தத் துணிதான். செம்பும் மரமும் கல்லும் வந்ததெல்லாம் அந்தப் பெண்களின் விரல்களால் என்று சொன்னால் தப்பில்லை.

ஊர் நகரத்தின் அரச கல்லறைகளை 1920களில் லியோனார்ட் வூல்லி தோண்டினார். ஒரு குழியில் மட்டும் 74 உடல்கள், அதில் 68 பெண்கள். தலையில் பொன் இலைகள், பக்கத்தில் யாழ். வரிசையாகப் படுத்திருந்தார்கள், விஷம் குடித்து அமைதியாகத் தலைவனோடு போய்விட்டார்கள் என்று வூல்லி நினைத்தார், அப்படியே உருக்கமாகவும் எழுதினார். பின்னாளில் சில மண்டையோடுகளை ஸ்கேன் செய்து பார்த்தபோது கூர்முனை ஆயுதத்தால் அடித்த ஓட்டை இருந்தது.

இதே ஊரில்தான் சார்கோனின் மகள் என்ஹெதுவன்னா நிலாத் தெய்வத்தின் தலைமைப் பூசாரியாக இருந்தார், கி.மு. 2300 வாக்கில். பெயர் தெரிந்த முதல் கவி என்று உலகம் சொல்வது அவரை. அந்தப் பாடல்களை அவரேதான் எழுதினாரா என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. ஆண் கவிகள் விஷயத்தில் இந்தச் சந்தேகம் இவ்வளவு சீக்கிரம் எழுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். திருவாரூர் ஆசிரியர் அய்யா, உங்களுக்கு ஆறுதலாக ஒரு கவியும் கிடைத்துவிட்டார், கணக்குப்பிள்ளைக்கு ஆயிரம் வருடம் பின்னால்.

கேள்வி: பிரமிடைக் கட்டியது வேற்றுக்கிரகவாசிகள் என்று என் மைத்துனர் யூடியூப் பார்த்துவிட்டு அடித்துச் சொல்கிறார். (திருப்பூர்)

பதில்: மைத்துனரிடம் மெரெர் என்ற பெயரைச் சொல்லுங்கள். செங்கடல் ஓரத்தில் வாதி அல் ஜர்ஃப் என்ற இடத்தில் 2013இல் பியர் தாலே குழுவினர் பாப்பிரஸ் தாள்களைக் கண்டெடுத்தார்கள். அதில் மெரெர் என்ற மேஸ்திரியின் நாட்குறிப்பு இருந்தது. தன்கீழ் நாற்பது ஆள் மாதிரி வைத்துக்கொண்டு, துரா குவாரியிலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி கிஸாவுக்குக் கொண்டுபோனார். கூஃபு என்ற அரசனின் பெரிய பிரமிடுக்குத்தான். இன்று எங்கே ஏற்றினோம், எங்கே தங்கினோம் என்று நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். கூடவே சாப்பாட்டுக் கணக்கு. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவர்களுக்கு ரொட்டியும் பீரும் அளந்து கொடுக்க வேண்டியிருக்காது.

அந்த அளப்பு நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் எகிப்திலேயே சாட்சி உண்டு. ஆயிரத்து நானூறு வருடம் கழித்து, மூன்றாம் ராம்செஸ் காலத்தில், அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளிகளுக்குத் தானியம் பாக்கி விழுந்தது. கருவிகளைப் போட்டுவிட்டு, 'பசிக்கிறது' என்று சொல்லிக் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பதிவான வேலைநிறுத்தங்களில் அதுதான் முதலாவது.

கேள்வி: சிந்துவெளிக்காரர்களும் சுமேரியர்களும் ஒருவரையொருவர் பார்த்ததுண்டா? சிந்து எழுத்தை மட்டும் ஏன் யாராலும் படிக்க முடியவில்லை? (வழக்கறிஞர், சேலம்)

பதில்: பார்த்ததுண்டு, வியாபாரமும் உண்டு. ஊர் கல்லறைகளில் நீளமான சூதுபவள மணிகள் கிடைத்தன, சிந்துவெளித் தொழில்நுட்பம். அவ்வளவு நீளக் கல்லில் துளை போட ஒரு மணிக்கே பல நாள் பிடிக்கும். மெலுஹாவின் கப்பல்கள் தன் துறையில் வந்து நிற்பதாகச் சார்கோன் பெருமையடித்திருக்கிறான், மெலுஹா என்பது சிந்துவெளிதான் என்பது பெரும்பாலோர் முடிவு. அதைவிட எனக்குப் பிடித்தது லூவரில் உள்ள ஒரு சின்ன உருளை முத்திரை. அதன் சொந்தக்காரர் பெயர் ஷூஇலிஷு, தொழில்: மெலுஹா மொழிபெயர்ப்பாளர். அந்த மனிதர் ஒரு துண்டுச் சீட்டு விட்டுப்போயிருந்தால் இந்தக் கேள்விக்கே அவசியம் இருந்திருக்காது. அக்காடிய மொழியில் நல்லெண்ணெய்க்கு 'எல்லு' என்று ஒரு சொல் இருக்கிறது, எள் இந்தியாவிலிருந்து போனது. இதை வைத்து ஊகம் செய்பவர்கள் உண்டு. ஊகமாகவே அதை வைத்துக்கொள்ளலாம்.

எழுத்து விஷயத்துக்கு வருவோம். மெசபொத்தேமியாவின், அதாவது அந்த இரண்டு ஆற்று நாட்டின், ஆப்பெழுத்தை (களிமண்ணில் ஆப்பு வடிவத்தில் குத்தும் எழுத்து) படிக்கச் சாவியாக ஈரானில் உள்ள பெஹிஸ்துன் பாறைக் கல்வெட்டு இருந்தது, ஒரே செய்தி மூன்று மொழியில். அப்படியும் உலகம் நம்பவில்லை. 1857இல் ராலின்சன், ஹிங்க்ஸ், டால்பட், ஓப்பர்ட் என்று நான்கு பேரிடம் புதிதாகக் கிடைத்த அசீரியக் கல்வெட்டு ஒன்றைக் கொடுத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் மொழிபெயர்க்கச் சொன்னார்கள், லண்டனில் உறையைப் பிரித்துப் பார்த்தால் நான்கும் பெரும்பாலும் ஒத்துப்போயின. பரீட்சை பாஸ். சிந்து எழுத்துக்கு அப்படி இரண்டு மொழிக் கல் எதுவும் இதுவரை அகப்படவில்லை. போதாக்குறைக்குச் சராசரியாக ஒரு முத்திரையில் ஐந்து குறிதான், ஐந்து எழுத்தை வைத்துக்கொண்டு இலக்கணமா கண்டுபிடிக்க முடியும்? ஐராவதம் மகாதேவன் 1977இல் எல்லாக் குறிகளையும் தொகுத்து அட்டவணை போட்டார், அடியில் இருப்பது திராவிட மொழி என்பது அவர் கருத்து, பின்லாந்து அறிஞர் ஆஸ்கோ பர்போலாவின் கருத்தும் அதுவே. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டு முதல்வர் ஸ்டாலின் புதிரை அவிழ்ப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்தார். அன்றிலிருந்து எனக்கே மூன்று பேர் விடையை அனுப்பிவிட்டார்கள். மூன்றும் மூன்று மொழி. வக்கீல் சார், 1857 பரீட்சையை இவர்களுக்கும் வைக்கலாம்.

கேள்வி: கணக்கு, உபரி, தானியம் என்கிறீர்கள். கோபெக்லி தெபேவில் விவசாயமே இல்லாமல் கோயில் கட்டினார்களே, அதற்கு என்ன பதில்? ('மண்வெட்டி', தர்மபுரி)

பதில்: பிடித்துவிட்டீர்கள். தென்கிழக்குத் துருக்கியில், கி.மு. 9500 வாக்கில், வேட்டையாடிக் காட்டுத் தானியம் பொறுக்கித் தின்ற கூட்டம் ஐந்து மீட்டருக்கு மேல் உயரமான தூண்களை நட்டு, நரியும் தேளும் கழுகும் செதுக்கியிருக்கிறது. கிளாஸ் ஷ்மிட் 1995இலிருந்து தோண்டி அதை வெளிக்கொண்டு வந்தார். முதலில் பயிர், அப்புறம் ஊர், அப்புறம் கோயில் என்ற பாடப்புத்தக வரிசை அதோடு ஆட்டம் கண்டது. இன்னொரு அடி பெருவிலிருந்து. காரல் என்ற நகரம், கி.மு. 2600 வாக்கு, பிரமிடு மாதிரி மேடைகள் எல்லாம் உண்டு, ஆனால் மண்பானைகூடச் செய்யவில்லை, எழுத்தும் இல்லை. உள்நாட்டில் பருத்தி விளைவித்து வலை பின்னிக் கடற்கரைக்கு அனுப்பினார்கள், கடற்கரையிலிருந்து நெத்திலி வந்தது. நெத்திலியில் எழுந்த நாகரிகம்! ரூத் ஷேடி அங்கே 1990களில் தொடங்கிய வேலை இது.

ஆகவே 'நாகரிகத்தைத் தொடங்கி வைத்தது கணக்குப்பிள்ளை' என்ற என் வரியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். தொடங்கி வைத்தவர் வேறு யாராகவும் இருந்திருக்கலாம். சுமேரில் அதை அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் நடத்திக்காட்டியது கணக்குப்பிள்ளை. இதற்கு மேல் இறங்கமாட்டேன்.

கேள்வி: ஒரு மணிக்கு ஏன் 60 நிமிடம்? (ஏழாம் வகுப்பு மாணவி, ஆம்பூர்)

பதில்: சுமேரியர்கள் அறுபது அறுபதாக எண்ணினார்கள் கண்ணு. அறுபதை 2, 3, 4, 5, 6, 10, 12 என்று எதனால் வகுத்தாலும் மிச்சம் விழாது, பங்கு பிரிக்க வசதி. பாபிலோன் வானியல்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து கிரேக்கர்களுக்குப் போய், கடைசியில் உன் கைக்கடிகாரத்துக்கு வந்தது. பாட்டி கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணுவார் இல்லையா, நான்கு விரலில் பன்னிரண்டு கணு. இன்னொரு கையின் ஐந்து விரலால் அதைப் பெருக்கினால் அறுபது. அப்படித்தான் வந்தது என்று ஒரு ஊகம் உண்டு. பாட்டியிடம் எண்ணிக் காட்டச் சொல்.

கேள்வி: நுகர்வோர் நீதிமன்றம் இல்லாத அந்தக் காலத்தில் கடைக்காரன் ஏமாற்றினால் என்ன செய்வார்கள்? (எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர், விருதுநகர்)

பதில்: கடிதம் எழுதுவார்கள். கி.மு. 1750 வாக்கில் ஊர் நகரத்தில் ஏயா நாசிர் என்று ஒரு செம்பு வியாபாரி. இன்றைய பஹ்ரைன் பக்கம் இருந்த தில்முனிலிருந்து செம்பு கொண்டுவந்து விற்றவர். நன்னி என்ற வாடிக்கையாளர் களிமண்ணில் நெருக்கி நெருக்கிக் குமுறியிருக்கிறார்: நல்ல கட்டி தருகிறேன் என்று சொல்லிவிட்டு மட்டமான சரக்கைக் காட்டினாய், என் ஆளை வெறுங்கையோடு அனுப்பினாய், என்னை என்ன என்று நினைத்தாய் என்கிற தோரணையில். பலகை இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில். வேடிக்கை என்னவென்றால், வேறு ஆட்களும் ஏயா நாசிருக்குப் புகார் எழுதியிருக்கிறார்கள், எல்லாவற்றையும் மனிதர் வீட்டிலேயே பத்திரமாக வைத்திருந்தார். விருதுநகரில் அப்படி யாரும் இல்லை என்று நம்புகிறேன்.

கேள்வி: பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்தது யார்? அவரைப் பார்க்க வேண்டும். (எட்டாம் வகுப்பு, பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

பதில்: கோபம் புரிகிறது. யாரென்று பெயர் தெரியாது, ஆனால் கணக்குப்பிள்ளைகளைத் தயாரிக்கத்தான் அது தேவைப்பட்டது. நிப்பூரில் ஒரு சின்ன வீட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பலகைகளும் துண்டுகளும் கிடைத்தன, பழைய பலகையை ஊறவைத்துத் திரும்ப உருட்ட ஒரு தொட்டியும் இருந்தது. வாத்தியார் எழுதியதைப் பார்த்துப் பையன் எழுத வேண்டும், தப்பென்றால் அழித்து எழுத வேண்டும். அதுவும் அந்தச் சமயத்தில் வீட்டில் யாரும் பேசாத சுமேரிய மொழியை.

அந்தப் பள்ளி மாணவர்கள் படித்த கதை ஒன்றும் பலகையில் இருக்கிறது. ஒரு பையனுக்கு ஒரே நாளில் வரிசையாக அடி: தாமதமாக வந்தான், அடி. பேசினான், அடி. எழுந்து நின்றான், அடி. வாசலைத் தாண்டினான், அடி. கையெழுத்து சரியில்லை, அதற்கும் அடி. பையன் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் ஒரு யோசனை சொன்னான். அப்பா வாத்தியாரை வீட்டுக்கு அழைத்து, நல்ல இடத்தில் உட்காரவைத்து, சாப்பாடு போட்டு, குடிக்கக் கொடுத்து, புது ஆடை உடுத்தி, விரலில் மோதிரமும் போட்டுவிட்டார். சாப்பிட்டு முடித்த வாத்தியார், இந்தப் பையனைப்போல ஒரு மாணவன் உண்டா என்று வாழ்த்த ஆரம்பித்துவிட்டார். இதை உன் அப்பாவிடம் படித்துக் காட்டலாம், வாத்தியாரிடம் காட்டாதே.